கூட யாருமில்லாமல் ஸ்கூபா டைவிங் போகலாமா? காற்று முதல் கத்தி வரை எல்லாவற்றையும் இரண்டாக எடுத்துச் செல்வது ஏன்?

தாய்லாந்தின் தாம் லுவாங் குகை நினைவிருக்கிறதா? 2018 ஜூன் 23 அன்று 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் அந்தக் குகைக்குள் சிக்கினார்கள். ஜூலை 2 அன்று வெள்ளத்துக்குள் நீந்திப் போய் அவர்களை முதலில் கண்டுபிடித்தது இரண்டு பிரிட்டிஷ் டைவர்கள். ஒருவர் ரிக் ஸ்டாண்டன், ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். இன்னொருவர் ஜான் வொலாந்தன், ஐடி துறையில் வேலை பார்ப்பவர்.

ஜூலை 8 முதல் 10 வரை நடந்த மீட்பில் ஒரு விஷயத்தைப் பலரும் கவனித்திருக்க மாட்டார்கள். மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒவ்வொரு சிறுவனையும் தண்ணீருக்கு அடியில் கொண்டு வந்தது ஒரே ஒரு டைவர். வழியில் இருந்த அறைகளில் உதவிக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். ஆனால், கண்ணே தெரியாத கலங்கல் நீருக்குள் இருந்த அந்த நிமிடங்களில், ஏதாவது ஆனால் கைகொடுக்கப் பக்கத்தில் யாரும் கிடையாது.

'ஸ்கூபா டைவிங்னா எப்பவும் ஜோடியாத்தானே போகணும்?' என்று கேட்டால், ஆமாம், அதுதான் உலகம் முழுக்கச் சொல்லித்தரும் விதி. ஆனாலும் தனியாக இறங்குவதற்கென்றே தனிப் பயிற்சியும் தனிக் கருவித் தேர்வும் இருக்கின்றன. அதில் என்ன இருக்கிறது, அது யாருக்கு, அதனால் எதைச் செய்ய முடியாது என்பதை இங்கே பார்ப்போம்.

ஏன் ஜோடியாகப் போகச் சொல்கிறார்கள்?

முதலில் ஒரு சின்னத் திருத்தம். டைவர் முதுகில் இருப்பதை நாம் 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். பொழுதுபோக்கு டைவிங்கில் அதில் பெரும்பாலும் இருப்பது நாம் சுவாசிக்கும் அதே சாதாரண காற்றுதான். அழுத்தி அடைத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஜாக் குஸ்தோவும் எமில் கன்யானும் 1943-ல் உருவாக்கிய 'அக்வா லங்' கருவிதான் இன்றைய ஸ்கூபா கருவிகளுக்கு முன்னோடி.

கருவி வந்தது, கூடவே விபத்துகளும் வந்தன. 1959-ல் அமெரிக்காவின் ஒய்.எம்.சி.ஏ அமைப்பு நாடு தழுவிய ஸ்கூபா பயிற்சியைத் தொடங்கியது. நீச்சல் குளங்களில் ஏற்கெனவே இருந்த 'இரண்டு பேராகத்தான் இறங்கணும்' என்ற பழக்கம் கடலுக்கும் வந்தது. ஆங்கிலத்தில் 'பட்டி சிஸ்டம்' என்பார்கள். நாம் ஜோடி முறை என்றே வைத்துக்கொள்வோம்.

தண்ணீருக்கு அடியில் ஜோடிக்கு மூன்று வேலை:

1. நம் காற்று தீர்ந்தாலோ நின்றாலோ, அவர் சிலிண்டரிலிருந்து காற்று தருவது.

2. நம் கைக்கு எட்டாத இடத்தில் வலையோ கயிறோ சிக்கினால் எடுத்துவிடுவது.

3. நாம் நிலைகுலைந்தால் அதைக் கவனித்து மேலே கொண்டு போவது.

இந்த மூன்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகிறவர் முதல் இரண்டு வேலைகளுக்குக் கருவியில் மாற்று தேடலாம். மூன்றாவதுக்கு என்ன செய்வது? கடைசியில் அங்கேதான் வந்து நிற்கப் போகிறோம்.

அப்புறம் ஏன் சிலர் தனியாகப் போறாங்க?

'வீரம் காட்டத்தான்' என்று நினைத்தால், பெரும்பாலும் அப்படி இல்லை. காரணங்கள் ரொம்பச் சாதாரணமானவை.

நீருக்கடியில் போட்டோ எடுப்பவர் ஒரு சின்ன இறாலுக்காக அரை மணி நேரம் ஒரே இடத்தில் இருப்பார். ஜோடியாக வந்தவர் பத்து நிமிடத்தில் சலித்து நகர்ந்துவிடுவார். இருவரும் ஒரே கடலில்தான் இருக்கிறார்கள். ஆனால் ஆபத்து என்றால் கை எட்டாது. பெயருக்குத்தான் ஜோடி.

சுற்றுலாப் படகுகளில், முன்பின் தெரியாத இரண்டு பேரைச் சேர்த்து 'நீங்க ரெண்டு பேரும் ஜோடி' என்று சொல்லி இறக்குவதும் உண்டு. பக்கத்தில் இருப்பவருக்கு என்ன தெரியும், பதறினால் என்ன செய்வார் என்பது நமக்குத் தெரியாது.

பயிற்சியாளர்களின் நிலையையும் யோசித்துப் பாருங்கள். முதல்முறை இறங்கும் நான்கு பேரைக் கூட்டிப் போகும் பயிற்சியாளருக்கு ஏதாவது ஆனால் அந்த நான்கு பேரில் யார் காப்பாற்றுவார்கள்? கணக்குப்படி ஐந்து பேர் தண்ணீரில் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பயிற்சியாளர் உண்மையில் தனியாகத்தான் டைவ் செய்கிறார்.

பிரிட்டன் குகை டைவர்களின் கதை இன்னும் வேறு. அங்கே 1946-ல் தொடங்கிய 'கேவ் டைவிங் குரூப்' என்ற அமைப்பு இன்றும் இயங்குகிறது. அந்தக் குகைகள் ஒரு ஆள் மட்டுமே நுழையக்கூடிய சந்துகள். தண்ணீர் குளிர்ந்து, சேறு கலங்கி இருக்கும். முன்னால் போகிறவர் கிளப்பும் சேற்றில் பின்னால் வருபவருக்கு ஒன்றுமே தெரியாது. முன்னால் இருப்பவர் சிக்கினால் பின்னால் இருப்பவரின் வழியும் அடைபடும். அந்த மாதிரி இடத்தில் இரண்டாவது ஆள் உதவியாக இல்லாமல், கூடுதல் ஆபத்தாகவே ஆகிவிடலாம். அதனால் அவர்கள் தனித்தனியாக, இரண்டு தனிச் சிலிண்டர்களோடு போகப் பழகினார்கள். ஸ்டாண்டனும் வொலாந்தனும் அந்த வழியில் வந்தவர்கள்தான்.

ஜோடி இருந்தால் உயிருக்கு உத்தரவாதம் என்றும் சொல்லிவிட முடியாது. அதே தாம் லுவாங் மீட்பில், குகைக்குள் காற்று சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் தாய்லாந்தின் முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் 2018 ஜூலை 6 அன்று உயிரிழந்தார். அவருடன் இன்னொரு டைவர் இருந்தார். காப்பாற்ற முயன்றும் முடியவில்லை.

யார் தனியாகப் போகலாம்?

புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஒருமுறை ஸ்கூபா செய்திருப்பீர்கள். பயிற்சியாளர் உங்கள் சிலிண்டரைப் பிடித்தபடியே கூட்டிப் போயிருப்பார். வழக்கமாக இந்த அறிமுக டைவ்கள் 12 மீட்டருக்கு மேல் ஆழம் போகாது. அது ஒரு அனுபவம். தகுதி ஆகாது.

அதற்கு அடுத்தது 'ஓப்பன் வாட்டர்' சான்றிதழ். ஜோடியோடு 18 மீட்டர் வரை. அதற்கடுத்த 'அட்வான்ஸ்டு' நிலையில் 30 மீட்டர் வரை. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர்.

தனியாக டைவ் செய்வதற்கு எஸ்.டி.ஐ என்ற பயிற்சி அமைப்பு 'சோலோ டைவர்' என்ற பெயரில் பயிற்சி தருகிறது. பி.ஏ.டி.ஐ அமைப்பு இதையே 'செல்ஃப் ரிலையன்ட் டைவர்', அதாவது தன்னையே நம்பி இறங்கும் டைவர் என்கிறது. இரண்டுக்குமே முன்தகுதியாகக் குறைந்தது 100 டைவ் செய்திருக்க வேண்டும். வயது வரம்பு எஸ்.டி.ஐ-யில் 21, பி.ஏ.டி.ஐ-யில் 18.

100 டைவ் எதுக்கு? மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் பதறாமல் வெளியேற்றுவது, ஒரே ஆழத்தில் மிதந்து நிற்பது, தன் மூச்சு ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு காற்றைத் தின்கிறது என்று தெரிந்திருப்பது. இதெல்லாம் யோசிக்காமல் தானாக வரும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். வண்டி ஓட்டப் பழகும்போது கியர் மாற்றுவதே பெரிய வேலையாக இருக்கும். கொஞ்ச நாள் போனால்தான் கண் சாலையைப் பார்க்கும். அதே கதைதான்.

சான்றிதழ் இருந்தாலும் எல்லா டைவ் மையங்களும் தனியாக இறங்க அனுமதிக்காது. இன்சூரன்ஸ் பாலிசியிலும் இதற்குத் தனி நிபந்தனைகள் இருக்கலாம். படகில் ஏறும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

கருவித் தேர்வுக்கு ஒரே ஒரு கேள்வி

கடையில் போய் 'சோலோ டைவிங் செட் கொடுங்க' என்று கேட்டு வாங்க முடியாது. தன்னிடம் உள்ள ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து இப்படிக் கேட்டுப் பார்க்க வேண்டும்: 'இது இப்போ வேலை செய்யாம போனா, நான் யாரைத் தேடுவேன்?'

'யாரையும் தேட வேண்டியதில்லை, மெதுவாக மேலே வந்துவிடுவேன்' என்றால் ஒன்றே போதும். 'ஜோடியைத் தேடுவேன்' என்றால் அந்தப் பொருளுக்கு இன்னொன்று வேண்டும். அந்த இன்னொன்று முதல் பொருளோடு எந்த விதத்திலும் சேராமல் தனியாக இயங்க வேண்டும். அதுவும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இந்தக் கேள்வியில் முதலில் மாட்டுவது காற்று.

'எங்கிட்ட ரெண்டு ரெகுலேட்டர் இருக்கே!'

நிறையப் பேர் குழம்பும் இடம் இது. சாதாரண ஸ்கூபா செட்டிலேயே வாயில் வைத்து மூச்சு விடும் பகுதி இரண்டு இருக்கும். ஒன்று நமக்கு. மஞ்சள் நிறத்தில் இருக்கும் இன்னொன்று ஜோடிக்குக் கொடுப்பதற்கு. 'ஆக்டோபஸ்' என்பார்கள்.

ஆனால் இரண்டும் ஒரே சிலிண்டரில், ஒரே வால்வில், ஒரே 'ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்' கருவியிலிருந்து கிளம்புகின்றன. வீட்டில் ஒரே கேஸ் சிலிண்டரில் இரண்டு பர்னர் அடுப்பு வைத்திருப்பது மாதிரி. கேஸ் தீர்ந்தால் இரண்டும் சேர்ந்தே அணையும். தனியாகப் போகிறவருக்குத் தேவை இரண்டாவது சிலிண்டரும் அதற்கென்றே தனி ரெகுலேட்டரும்.

அது எவ்வளவு பெரியதாக இருக்கணும்? இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

காற்றுக் கணக்கு: ஒரு நிமிடம் கவனியுங்க

கடல் மட்டத்தில் நம் மேல் இருக்கும் அழுத்தம் 1 மடங்கு. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு மடங்கு கூடும். 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4 மடங்கு. அழுத்தம் எத்தனை மடங்கோ, அத்தனை மடங்கு காற்று ஒவ்வொரு மூச்சுக்கும் செலவாகும்.

நிதானமாக இருக்கும் ஒரு டைவர் தரைக் கணக்கில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றைப் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். அவரே 30 மீட்டரில் நிமிடத்துக்கு 80 லிட்டர் செலவழிப்பார். எங்கும் பரவலாகக் கிடைக்கும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் அதில் சுமார் 2,200 லிட்டர் காற்று இருக்கும். தரையில் 110 நிமிடம் வரும் அந்தக் காற்று 30 மீட்டரில் 27 நிமிடத்தில் முடிந்துவிடும்.

இப்போது அந்த ஆழத்தில் திடீரென காற்று நின்றுபோகிறது என்று வையுங்கள். மனசு பதறும், மூச்சு வேகமாகும். 20 லிட்டர் 40 ஆகும் என்று கணக்கில் எடுப்போம்.

• என்ன ஆச்சு என்று புரிந்து, மாற்று ரெகுலேட்டரை வாயில் வைத்து, நிதானத்துக்கு வர 1 நிமிடம்: 40 × 4 = 160 லிட்டர்

• நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆழம் வரை ஏற சுமார் 3 நிமிடம்: சராசரி அழுத்தம் 2.75 மடங்கு. சுமார் 330 லிட்டர்

• 5 மீட்டரில் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம்: 40 × 1.5 × 3 = 180 லிட்டர்

• கடைசி 5 மீட்டர் ஏற 1 நிமிடம்: 50 லிட்டர்

மொத்தம் சுமார் 720 லிட்டர்.

'ஒரே மூச்சில் மேலே வந்துட்டா என்ன?' என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். மேலே வர வர அழுத்தம் குறைந்து, நுரையீரலில் உள்ள காற்று விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழிந்துபோகும் அபாயம் உண்டு. ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருக்கும் நைட்ரஜன், சோடா பாட்டிலைச் சட்டெனத் திறந்தது போலக் குமிழிகளாக வெளிவரும். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை இதனால் வரலாம். மெதுவாக ஏறுவதற்குத்தான் அந்த 720 லிட்டர்.

எந்தச் சிலிண்டர் யாருக்கு?

கணக்கு கையில் வந்துவிட்டால் தேர்வு சுலபம்.

பாக்கெட் சைஸ் அவசர சிலிண்டர்: கையடக்கமாக இருக்கும், பார்த்ததும் வாங்கத் தோன்றும். இதில் ஒரு வகையில் சுமார் 85 லிட்டர் காற்றுதான் பிடிக்கும். 30 மீட்டரில் பதற்றத்தோடு மூச்சு விட்டால் அரை நிமிடம் தாங்கும். ஆழமில்லாத இடத்தில் உதவலாம். தனியாக ஆழத்தில் இருப்பவருக்கு இது போதாது.

போனி பாட்டில்: நம்ம ஊர் கடைக்காரர்கள் காலையில் எதிர்பார்க்கும் 'போனி' இல்லை இது. குட்டி ரகக் குதிரையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். பெரிய சிலிண்டரின் பக்கத்தில் குட்டியாக மாட்டியிருப்பதால் இந்தப் பெயர். 3 லிட்டர் கொள்ளளவுள்ள போனியை 200 பார் வரை நிரப்பினால் 600 லிட்டர் கிடைக்கும். மேலே போட்ட அதே கணக்கை 18 மீட்டருக்குப் போட்டால் 470 லிட்டர்தான் வரும். அதற்கு இது போதும். 30 மீட்டருக்கு 720 வேண்டுமே? அங்கே இது பற்றாது. 5.7 லிட்டர் சிலிண்டர் என்றால் 1,100 லிட்டருக்கு மேல் இருக்கும். தாராளமாகப் போதும்.

ட்வின் சிலிண்டர்: முதுகில் இரண்டு பெரிய சிலிண்டர்கள். இரண்டையும் இணைக்கும் குழாயின் நடுவில் ஒரு வால்வு இருக்கும். ஒரு பக்கம் காற்று கசிந்தால் அதை மூடி, மறுபக்கக் காற்றைக் காப்பாற்றலாம். ஆனால் தலைக்குப் பின்னால் கையை நீட்டி வால்வை மூடத் தெரிந்திருக்க வேண்டும். எடையும் அதிகம்.

சைட்மவுன்ட்: உடம்பின் இரண்டு பக்கங்களிலும் ஒவ்வொரு சிலிண்டர். வால்வுகள் கண்ணுக்கு முன்னால், கைக்குப் பக்கத்தில் இருக்கும். பிரிட்டன் குகை டைவர்கள் சந்துகளில் நுழையக் கண்டுபிடித்த வழி, இன்று கடலுக்கும் வந்திருக்கிறது. இரண்டு சிலிண்டர்களிலும் மாறி மாறிச் சுவாசித்து, காற்று ஒரே அளவில் குறையும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

குகைகளில் இன்னொரு பழைய விதியும் உண்டு. மூன்றில் ஒரு பங்கு காற்று உள்ளே போக, ஒரு பங்கு திரும்பி வர, ஒரு பங்கு தொடாமல் வைத்திருக்க. தலைக்கு மேல் பாறை இருக்கும் இடத்தில் நேராக மேலே ஏறித் தப்பிக்க முடியாதே, அதற்காக.

போனி வாங்கியவர்கள் செய்யும் ஒரு தவறு உயிரையே எடுக்கலாம். படகின் அவசரத்தில் போனியின் ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்டு இறங்கிவிடுவது! பெரிய சிலிண்டரின் மீட்டர் 200 பார் காட்டிக்கொண்டே இருக்கும், குட்டி சிலிண்டர் தீர்ந்துகொண்டே போகும். அதனால் போனிக்கு வேறு நிறம், தொட்டாலே தெரியும்படி ஒரு அடையாளம், தனி அழுத்த மீட்டர் என எல்லாம் தனியாக வேண்டும். கழுத்தில் ரப்பர் வளையத்தில் தொங்கவிட்டால், கண் தெரியாத நேரத்திலும் தாடைக்குக் கீழே கிடைத்துவிடும்.

காற்றைத் தவிர வேறென்ன இரண்டு வேண்டும்?

மாஸ்க்: மாஸ்க் கழன்றால் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். மீட்டரைப் படிக்க முடியாது. எவ்வளவு ஆழம், என்ன வேகத்தில் ஏறுகிறோம் என்று தெரியாது. ஜோடி இருந்தால் கையைப் பிடித்துக் கூட்டி வருவார். தனியாள் என்றால் தொடைப் பாக்கெட்டில் இன்னொரு மாஸ்க்.

டைவ் கம்ப்யூட்டர்: ஆழம், நேரம், எவ்வளவு நேரம் தங்கலாம், எந்த வேகத்தில் ஏறலாம் எல்லாம் இதில்தான். பேட்டரி போனால் எல்லாம் போச்சு. இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும். குறைந்தபட்சம் ஆழமானியும் வாட்ச்சும். முதல் கம்ப்யூட்டர் போன உடனே டைவையும் முடித்துவிட வேண்டும். மாற்றுக் கருவி இருப்பது மேலே வருவதற்கே.

வெட்டும் கருவி: கைவிடப்பட்ட வலைகளும் தூண்டில் நரம்பும் கடலுக்கடியில் பாறைகளில் மாட்டிக் கிடக்கும். மெல்லிய நரம்பு தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. சினிமாவில் காலில் பெரிய கத்தி கட்டியிருப்பார்கள். நிஜத்தில் கால் சிக்கினால் அந்தக் கத்தியும் சேர்ந்து சிக்கும். சின்ன கட்டர் ஒன்று மார்புப் பட்டையில், மருத்துவமனைகளில் துணி வெட்டப் பயன்படுத்துவது போன்ற கத்தரி ஒன்று இடுப்பில். இரண்டையும் இரண்டு கைகளாலும் எட்டி எடுக்க முடிய வேண்டும். முதுகில் சிலிண்டர் வால்வு பக்கம் சிக்கினால்? கருவியை மொத்தமாகக் கழற்றி முன்னால் கொண்டுவந்து வெட்டிவிட்டு மீண்டும் மாட்டத் தெரிய வேண்டும். மூச்சு விடும் ரெகுலேட்டர் மட்டும் வாயை விட்டுப் போகக்கூடாது. இதைக் குளத்தில் பலமுறை பழகிவிட்டுத்தான் கடலுக்குப் போக வேண்டும்.

மிதக்கும் ஜாக்கெட்: காற்று நிரப்பி மிதவையைச் சரிசெய்யும் இந்த ஜாக்கெட் கிழிந்தால் மேலே நீந்தி வர முடியுமா என்று முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். தேவைக்கு மேல் ஈய எடை கட்டிக்கொண்டு போகிறவரால் முடியாது. எடையைச் சரியாக வைப்பதும், அவசரத்தில் கழற்றிவிடும்படி வைப்பதும் காசில்லாத பாதுகாப்பு.

இவ்வளவையும் சேர்த்தால் உடம்பெல்லாம் தொங்கல் ஆகிவிடாதா? ஆகும், கவனமில்லை என்றால். தொங்கும் ஒவ்வொரு பொருளும் சிக்குவதற்கு ஒரு கொக்கி. எடுத்துப் பழகாத கருவி பாக்கெட்டில் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு, எதை எங்கே வைத்தோம் என்று தொட்டு எடுக்க முடிகிறதா? அதுதான் தேர்வு.

மேலே வந்தாச்சு... படகு எங்கே?

டைவிங் ஆபத்து என்றால் எல்லோருக்கும் ஆழம்தான் ஞாபகம் வரும். ஆனால் பத்திரமாக மேலே வந்த பிறகு நீரோட்டம் படகிலிருந்து இழுத்துப் போய்விடலாம். அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலை சில நூறு மீட்டரிலேயே கண்ணுக்குத் தப்பிவிடும்.

இதற்குத்தான் பலூன் போல ஊதக்கூடிய ஆரஞ்சு நிற மிதவைக் குழாய். கீழே இருக்கும்போதே நூல் சுற்றிய உருளையோடு அதை மேலே அனுப்பலாம். 'இங்கே ஒரு ஆள் இருக்கிறார்' என்று படகுகளுக்குத் தெரியும். கூடவே விசில், சின்னக் கண்ணாடி, டார்ச்.

கரையிலிருந்து தூரமாகப் போகிறவர்கள் பி.எல்.பி என்ற சிறிய அவசரக் கருவியையும் தண்ணீர் புகாத டப்பாவில் எடுத்துப் போவார்கள். மேலே வந்து இயக்கினால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சிக்னல் போகும். இந்தியாவில் இந்தச் சிக்னல்களைப் பெறும் மையம் பெங்களூருவில் இஸ்ரோவின் கீழ் இயங்குகிறது. கருவியை முன்கூட்டியே பதிவு செய்திருந்தால்தான் யாருடையது என்று உடனே தெரியும். இந்தியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. கரையில் இருப்பவர்கள் போனில் சேமித்து வைக்க வேண்டியது இது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மனிதர் வேண்டும். தூத்துக்குடிக் கடலில் முத்தும் சங்கும் எடுக்க மூச்சை அடக்கி இறங்கிய காலத்தில், படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நிற்பார். கீழே போனவர் கயிற்றை அசைத்ததும் இழுத்து மேலே கொண்டுவருவது அவர் பொறுப்பு. தனி டைவருக்கும் மேலே அப்படி ஒருத்தர் தேவை. எங்கே இறங்குகிறேன், எத்தனை மணிக்கு வருவேன், வராவிட்டால் எத்தனை மணிக்கு யாரைக் கூப்பிடணும். இதை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். 'சாயங்காலம் வந்துடுவேன்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால், தேட ஆரம்பிக்கவே இரவாகிவிடும்.

எந்தக் கருவியாலும் முடியாதது

ஜோடியின் மூன்று வேலைகளில் முதலாவதுக்குப் போனி பாட்டில் இருக்கிறது. இரண்டாவதுக்கு இரண்டு கட்டரும் பழகிய கைகளும் இருக்கின்றன. மூன்றாவது? நாம் நினைவிழந்தால் நம்மை மேலே கொண்டுவர யார் இருக்கிறார்கள்?

யாரும் இல்லை. இதுதான் நேர்மையான பதில்.

தண்ணீருக்கு அடியில் மாரடைப்பு வந்தாலோ, நுரையீரலில் நீர் கோத்தாலோ, வேறு எந்தக் காரணத்தாலோ நினைவு தப்பினால், ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவிவிடும். கரையில் மயங்கி விழுந்தவர் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பலாம். தண்ணீருக்குள் மயங்கினால் அடுத்த மூச்சே தண்ணீர்தான். பத்து லட்ச ரூபாய்க்குக் கருவி வாங்கியிருந்தாலும் இந்த இடத்தில் அது சும்மா கிடக்கும்.

ஆழத்தில் நைட்ரஜன் மூளையை மந்தமாக்குவதும் உண்டு. 30 மீட்டர் வாக்கில் பலருக்கும் இது தெரிய ஆரம்பிக்கும். லேசான போதை போல இருக்கும். ஜோடி இருந்தால் முகத்தைப் பார்த்தே 'ஏதோ சரியில்லை' என்று கண்டுபிடிப்பார். தனியாக இருப்பவருக்குத் தன் மந்தம் தனக்கே தெரியாது.

அதனால்தான் தனியாகப் போகிறவர்கள் கருவியைக் கூட்டுவதோடு, டைவைச் சுருக்கவும் செய்கிறார்கள். ஏற்கெனவே தெரிந்த இடம், குறைந்த ஆழம், நீரோட்டம் குறைந்த நேரம். இதயம், ரத்த அழுத்தம், நீரிழிவு இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஜோடியோடுகூட இறங்கக்கூடாது. தூக்கம் இல்லை, சளி இருக்கிறது, மனசு சரியில்லை என்றால் அன்றைக்கு டைவ் இல்லை. படகுக்குக் கட்டிய காசு போனால் போகட்டும்.

நான் தனியாகப் போகப்போவதில்லை. எனக்கு இதில் என்ன இருக்கு?

நிறைய இருக்கு. பி.ஏ.டி.ஐ இதற்கு 'தன்னையே நம்பும் டைவர்' என்று பெயர் வைத்திருப்பது யோசிக்க வேண்டிய விஷயம். ஜோடியோடு போனாலும் பிரிந்துவிட வாய்ப்பு உண்டு. கலங்கல் நீரில் ஒரு நிமிடம் திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்க மாட்டார். அந்த நிமிடத்திலிருந்து, பயிற்சி இருக்கோ இல்லையோ, நீங்களும் தனி டைவர்தான்.

தன் காற்றைத் தானே கணக்குப் போடத் தெரிந்தவர், தன் சிக்கலைத் தானே எடுக்கத் தெரிந்தவர், ஜோடிக்குப் பாரமாக இருக்க மாட்டார். நல்ல ஜோடி என்றால், தேவைப்பட்டால் தனியாகவே மேலே வரத் தெரிந்த இரண்டு பேர்.

சுருக்கமாக:

• அறிமுக டைவ் அல்லது ஓப்பன் வாட்டர் சான்றிதழை மட்டும் வைத்துத் தனியாக இறங்கக்கூடாது. குறைந்தது 100 டைவ் அனுபவமும், அதற்கென உள்ள பயிற்சியும் தேவை.

• இரண்டாவது ரெகுலேட்டர் மாற்றுக் காற்று ஆகாது. தனிச் சிலிண்டர் வேண்டும். அளவைக் கடைக்காரரிடம் கேட்காமல், ஆழத்தை வைத்துக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்.

• மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர், வெட்டும் கருவி மூன்றும் இரண்டிரண்டு. எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில்.

• மிதவைக் குழாய், விசில், டார்ச் இல்லாமல் கடலில் இறங்க வேண்டாம்.

• கரையில் நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தர் கட்டாயம்.

• உடம்பு சரியில்லை என்றால் டைவை ரத்து செய்யுங்கள். கீழே நினைவு தப்பினால் காப்பாற்றும் கருவி எந்தக் கடையிலும் கிடையாது.